கலப்பும் கறையும்: பீட்டர் மின்ஷலின் ‘மாஸ்’ கலையில் கரீபிய அடையாளம்

டிரினிடாட் தீவின் கார்னிவல் விழாவில் வேடம் பூண்டு தெருவில் ஆடும் கலை ‘மாஸ்’ எனப்படும். பிரெஞ்சுத் தோட்ட உரிமையாளர்களின் வேடக் களியாட்டமும், அடிமைத்தளையினின்று விடுபட்ட ஆப்பிரிக்க வழியினர் தெருவுக்குக் கொணர்ந்த கொண்டாட்டமும் இதில் கலந்துள்ளன. அங்குள்ளோர் வேடத்தை ‘அணிவதாக’ன்றி ‘ஆடுவதாக’வே சொல்வர். இவ்வழக்கில் உறைந்துள்ள கருத்தைத் தம் கலைக்கு அடிப்படையாக்கியவர் பீட்டர் மின்ஷல்.

1941இல் கயானாவின் ஜார்ஜ்டவுனில் பிறந்து போர்ட் ஆஃப் ஸ்பெயினில் வளர்ந்த அவர், இலண்டனில் நாடக அரங்க வடிவமைப்புப் பயின்றார். மாணவராக இருந்தபோதே டிரினிடாட்டின் மரபான வௌவால் வேடத்தை ஆராய்ந்தார். அவ்வேடத்தின் சிறகு ஆடுபவரின் கைகளோடு பிணைந்திருப்பதால் உடல் அசைந்தாலன்றி அதற்கு உயிரில்லை. 1974இல் அவர் உருவாக்கிப் புகழ்பெற்ற ரீங்காரச்சிட்டு வேடம் இந்நுட்பத்தின் வளர்ச்சியே. 1976இல் மில்டனின் காவியத்தைத் தழுவி ‘பாரடைஸ் லாஸ்ட்’ என்னும் ஆட்டக்குழுவை வடிவமைத்தார். சிற்பம், நாடகம், நடனம், இலக்கியம் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்தறிய இயலாத ஒரு கலைவடிவம் இவ்வாறு உருப்பெற்றது.

இக்கலையின் சமூகப் பொருளை உணர அத்தீவின் மக்களமைப்பை அறிதல் வேண்டும். 1845 முதல் 1917 வரை 1,40,000க்கும் மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்தும் ஒரு பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பலேறினர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்திய வழியினர் 35.4 விழுக்காடு, ஆப்பிரிக்க வழியினர் 34.2 விழுக்காடு, கலப்பு வழியினர் 22.8 விழுக்காடு. ஆகவே ‘கலப்பு’ என்பது அங்கு அரசியல் சொல்லுமாகும்.

1983இல் அரங்கேறிய ‘ரிவர்’ இச்சொல்லை நேரடியாக எதிர்கொண்டது. ஆற்றின் தூய்மைக்கு உருவான வண்ணாத்தியும், பேராசைக்கும் இயந்திர வலிமைக்கும் உருவான ‘மேன்கிராப்’ என்னும் நண்டு மனிதனும் இதில் மோதுகின்றனர். நண்டு மனிதனின் தலைக்குமேல் விரிந்த வெண்பட்டு விதானத்தில் குருதிநிறச் சாயம் பரவும். வண்ணாத்தி கொல்லப்படுகிறாள். திங்களன்று வெள்ளுடையில் ஆடிய மக்கள் செவ்வாயன்று சாயங்களில் நனைந்தனர். நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து வெண்மையை அழித்தன. இங்குக் கலப்பு கறையாகிறது.

அடுத்த ஆண்டு அரங்கேறிய ‘காலலூ’வில் இப்பொருள் தலைகீழாகிறது. சேம்பிலை, வெண்டை, தேங்காய்ப்பால் முதலியவற்றைச் சேர்த்துச் சமைக்கும் டிரினிடாட்டின் உணவே காலலூ. இப்பெயரைத் தாங்கிய நாயகன் வண்ணாத்தியின் மகன். கலப்பு இங்கு உணவாகவும் நம்பிக்கையாகவும் மாறுகிறது. அவ்வுணவில் நண்டும் சேர்க்கப்படுவதுண்டு என்பது கருதத்தக்கது. முந்தைய ஆண்டின் பகைவன் இனத்தையே தன்னுள் அடக்கிய பெயரை நாயகன் சுமக்கிறான்.

இவ்விரு படைப்புகளையும் முரண் எனக் கொள்வது மேலோட்டமான வாசிப்பாகும். அனைவரையும் ஒரே பானையில் கரைக்கும் உருவகத்தை எல்லாரும் ஏற்பதில்லை. ஆயிஷா கானின் ‘காலலூ நேஷன்’ (2004), தெற்காசிய வழியினரிடையே ‘கலப்பு’ என்னும் கருத்து பெற்றுள்ள சிக்கலான பொருள்களை ஆராய்கிறது. வெள்ளையர் மரபில் வந்த கலைஞர் ஒருவர் அனைவரின் சார்பிலும் பேசலாமா என்னும் வினாவும் எழத்தக்கதே.

அவ்வினாவுக்கான விடையை வடிவமைப்பாளரின் நோக்கத்தில் தேடுவதைவிட ஆட்டக் களத்தில் தேடுவதே பொருந்தும். வேடத்தின் வரைபடம் மின்ஷலுடையது. கம்பி வளைத்தோரும் துணி தைத்தோரும் பட்டறையின் பல கைவினைஞர்கள். நடப்பதும் ஆடுவதும் நகர மக்கள். சாயம் தெளிக்கப்பட்ட பின்னர் எந்த உடையில் எந்த நிறம் எவ்வளவு பரவ வேண்டும் என்பதை வரைந்தவர் முடிவு செய்ய இயலாது. அருகில் ஆடியவரின் நிறமே ஒவ்வோர் உடையிலும் படிந்தது.