இரத்தக் கொதிப்பை அளந்தறிதலும் கிராம ஜனங்களின் மனப்போக்கும்

பயிருக்கு வரும் நோய்களுள் சில வெளிப்படையாகத் தோன்றுவன. இலை மஞ்சளித்தாலும் குருத்துக் காய்ந்தாலும் குடியானவர் உடனே கண்டு பரிகாரம் தேடுகின்றனர். வேறு சில வேரிலே தொடங்கி, செடி வாடும் வரையில் யாதொரு குறியும் காட்டமாட்டா. மனித தேகத்தில் உண்டாகும் இரத்தக் கொதிப்பு இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. தலைவலியோ மயக்கமோ இல்லாமலே அது பல ஆண்டுகள் உள்ளிருந்து, பின்பு ஒருநாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படும். மூத்திரக்காய்களையும் மெல்ல மெல்லக் கெடுக்கும். உலகில் 30 முதல் 79 வயது வரையுள்ளோரில் 128 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென்றும், அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அதை அறியாதிருக்கின்றனர் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் மதிப்பிட்டது.

கதிர் அறுக்கும் பருவத்தில் ஓர் உழவர் கையும் காலும் விழுந்து படுக்கையாவாரானால், அக்குடும்பத்தில் நஷ்டமாவது அவர் கூலி மட்டுமன்று. அவரைப் பேணும் மனைவியின் கூலியும் போகும். வைத்தியச் செலவுக்கு ஆடுமாடுகள் விலையாகும். பிள்ளையின் படிப்பு நிற்கும். இத்தனையும் ஐந்து நிமிஷச் சோதனையாலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைக்கும் மாத்திரையாலும் பெரும்பாலும் தடுக்கத்தக்கவை. அங்ஙனமிருக்க, ஜனங்கள் சோதனைக்கு வராமலிருப்பதன் காரணத்தை ஆராய்தல் அவசியமாகிறது.

ஜனங்கள் வாராமைக்குக் காரணம்

இக்கேள்வி புதிதன்று. அமெரிக்க நாட்டில் க்ஷயரோகத்தைக் கண்டறிய எக்ஸ்ரே வண்டிகளை ஊர்தோறும் அனுப்பி இலவசமாகப் படம் எடுத்த காலத்திலும் பலர் வரவில்லை. அந்நாட்டுப் பொதுச் சுகாதார இலாகாவைச் சேர்ந்த காட்பிரே ஹாக்பாம் என்பார் இதை ஆராய்ந்து 1958இல் முடிவுகளை வெளியிட்டார். நோய் தமக்கும் வரக்கூடும் என்றும், முன்னதாக அறிவதால் நன்மை உண்டு என்றும் நம்பியவர்களுள் நூற்றுக்கு 82 பேர் தாமாகவே படம் எடுத்துக்கொண்டிருந்தனர். இவ்விரு நம்பிக்கையும் இல்லாதாருள் 21 பேரே எடுத்துக்கொண்டிருந்தனர். அவரும் அவர் கூட்டாளிகளும் வகுத்த கொள்கையின் சாரம் வருமாறு: நோய் தனக்கு வரக்கூடும், வந்தால் கேடு பெரிது, சோதனையால் பயன் உண்டு, அதற்கு ஆகும் தொல்லை சிறிது என ஒருவர் எண்ணவேண்டும், தக்க சமயத்தில் நினைவூட்டுவாரும் வேண்டும். தம்மால் இதைச் செய்யமுடியும் என்ற தைரியமும் வேண்டுமெனப் பின்னர்ச் சேர்த்துக்கொண்டனர்.

இவ்வளவுகோலை நம் கிராமங்களில் வைத்துப் பார்த்தால் குறை எங்குள்ளது என்பது விளங்கும். “வெயிலில் பாடுபடுகிறவனுக்கு இந்நோய் வாராது, அது உட்கார்ந்து தின்பவர் நோய்” என்பது பலர் எண்ணம். உழைப்பு நன்மையே தருவதாயினும், கருவாடு, ஊறுகாய், அப்பளம், கஞ்சிக்கு இடும் கல்லுப்பு ஆகியவற்றால் உட்செல்லும் உப்பும், புகையிலையும், மதுவும், மூப்பும், குடும்ப வழியும் உழைப்பாளியையும் விடுவதில்லை. ஒருவர் நாள் ஒன்றுக்குக் கொள்ளத்தக்க உப்பு 5 கிராமுக்குக் குறைவு என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் விதி. தொல்லையோ சிறிதன்று: சுகாதார நிலையம் போய்வர அரைநாள் கூலி போகிறது. “மாத்திரை தொடங்கினால் ஆயுள் முழுதும் விடாது” என்ற அச்சமும் உண்டு. ஆண்டுதோறும் எரு இடவேண்டுமென்று அஞ்சி நிலத்தைத் தரிசாகப் போடுவார் எவருமில்லை என்பதை அவர்களுக்கு எடுத்துக்காட்டலாம்.

புது விதை பரவிய விதம்

நல்ல வழக்கம் ஒன்று ஊரில் பரவும் முறையை முதலில் தெளிவாகக் காட்டியவை விவசாய ஆராய்ச்சிகளே. ஐயோவா மாகாணத்தில் வீரிய ஒட்டுச் சோளவிதை பரவிய வரலாற்றை ரயன், கிராஸ் என்னும் இருவர் 259 குடியானவர்களிடம் விசாரித்து 1943இல் வெளியிட்டனர். 1928இல் தொடங்கி 1941க்குள் இருவர் நீங்கலாக அனைவரும் அவ்விதையை ஏற்றிருந்தனர். விதையைப் பற்றிய செய்தியை முதலில் கொணர்ந்தவர்கள் பெரும்பாலும் விற்பனையாளர்கள்; ஆயினும் நம்பிக்கையை உண்டாக்கியது அண்டை நிலத்தார் அனுபவம். முதலில் ஒரு சிறு பாகத்தில் இட்டுப் பார்த்தே படிப்படியாகப் பெருக்கினர். சுகாதார நிலையத்தின் சுவரொட்டி விற்பனையாளரின் சொல்லைப் போன்றது. அடுத்த வீட்டார் கை நீட்டி அளந்துகொள்வதே விளைந்து நிற்கும் வயலைப் போன்றது.

இடமும் நேரமும்

லாஸ் ஏஞ்சலிஸ் பட்டணத்தில் 52 முடிதிருத்தும் நிலையங்களில், கொதிப்பு மிகுந்த கறுப்பின ஆடவர் 319 பேரைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2018இல் வெளியாயிற்று. ஒரு பகுதி நிலையங்களுக்கு மருந்தாளுநரே வந்து அளந்து மருந்தும் கொடுத்தார். மற்றவற்றில் முடிதிருத்துவோர் நல்வழக்கங்களையும் வைத்தியரிடம் செல்வதையும் வற்புறுத்தினர். ஆறு மாதத்தில் முன்னவர்க்கு மேல் அளவு சராசரி 27 புள்ளியும், பின்னவர்க்கு 9 புள்ளியும் குறைந்தன. உபதேசத்தினும் சிகிச்சையைக் கிட்டக் கொணர்தல் மும்மடங்கு பயன் தந்தது.

தமிழ்நாட்டில் இந்நோக்கத்துடனேயே ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்றது. அத்திட்டப்படி பெண் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று அளந்து மருந்தும் கொடுக்கின்றனர். ஆனால் அவர்கள் வரும் பகற்பொழுதில் உழைப்பாளிகள் வயலில் இருப்பார்கள். ஆதலின் காலையில் பால் சங்கத்திலோ, நடவுக்கும் களைக்கும் ஆட்கள் கூடும் களத்துமேட்டிலோ மாதம் ஒருநாள் அளக்க ஏற்பாடு செய்தல் நலம். தேநீர்க் கடை ஏற்றதன்று. தேநீர், காப்பி, புகையிலை கொண்ட அரைமணிக்குள் அளந்தால் கணக்குப் பிழைபடும்.

அளக்கும் முறை

மண் மாதிரியை வரப்போரத்தில் எடுத்தால் பரிசோதனை பயன்படாததுபோல, முறை தவறி அளந்தாலும் பயன் இல்லை. கவனிக்கவேண்டியவை:

1. வேலையிலிருந்து வந்தவுடன் அளத்தலாகாது. சிறுநீர் கழித்தபின், முதுகைச் சாய்த்து, பாதங்கள் தரையில் படிய ஐந்து நிமிஷம் அமர்ந்திருத்தல் வேண்டும்.

2. பட்டையைத் துணிமேல் சுற்றாமல் வெறும் புயத்தில் சுற்றவேண்டும். புயம் நெஞ்சின் மட்டத்தில் தாங்கப்பட்டிருக்கவேண்டும். பருத்த புயத்துக்குச் சிறிய பட்டை அளவை மிகுத்துக் காட்டும்.

3. அளக்கும்பொழுது பேசலாகாது. ஒரு நிமிஷ இடைவெளியில் இருமுறை அளந்து, இரண்டையும் தேதியுடன் குறிக்கவேண்டும்.

4. 140க்கு 90 அல்லது அதற்கு மேற்பட்டால் மற்றொரு நாளும் அளந்து, வைத்தியரிடம் காட்டவேண்டும். 180க்கு 120ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய்க்குழறல், கைகால் சோர்வு ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டால் கணமும் தாமதியாமல் 108க்குச் சொல்லவேண்டும். அளவு எதுவாயினும், திடீரென வாய் கோணினாலோ ஒருபக்கம் சோர்ந்தாலோ அவ்வாறே செய்க.

5. மாத்திரை உண்பவர் அளவு சரியாயிற்றென்று தாமாகவே நிறுத்தலாகாது, சரியாக்கியது அம்மாத்திரையே. கடும் வெயிலில் வேலை செய்து தலைசுற்றல் உண்டானால் அதை வைத்தியரிடம் தெரிவிக்கவேண்டும்.

நிலமுடையோர் செய்யத்தக்கவை

முதலாவது, நிலமுடையோரும் ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் களத்துமேட்டில் யாவரும் காணத் தம் கையை முதலில் நீட்டவேண்டும். இரண்டாவது, அளக்கச் செலவாகும் நேரத்துக்கும், அளவு மிகுந்தவர் வைத்தியரைக் காணப்போகும் அரைநாளுக்கும் கூலியைப் பிடிக்கலாகாது. பிரசங்கம் பத்தினும் இஃதொன்று மேலான பயன் தரும்.

மூன்றாவது, எல்லாவற்றினும் முக்கியமானது. ஒருவருடைய அளவு அவருக்கே உரியது. அதை உரக்கக் கூறுதலும் பலர் முன் ஒட்டுதலும் தகாது. அளவு மிகுந்தது என்பதற்காக ஒருவரை வேலையினின்று நீக்கினால், அடுத்த மாதம் அவ்வூரில் ஒருவரும் கை நீட்டமாட்டார். பல மாதங்கள் முயன்று தேடிய நம்பிக்கை ஒரே நாளில் அழியும். நோய் மறுபடியும் கண்ணுக்குத் தெரியாமல் வளரும்.

விதைக்குமுன் மண்ணைச் சோதிப்பதும், கிணற்றில் நீர்மட்டம் பார்ப்பதும் இன்று பல கிராமங்களில் வழக்கமாயின. அவ்வழக்கங்களும் தொடக்கத்தில் ஓரிருவர் செய்து காட்டப் பிறர் கண்டு கைக்கொண்டவையே. அடுத்த நடவுக்கு ஆட்கள் கூடும் காலையில் சுகாதாரத் தன்னார்வலரை அழைத்து, நிழலில் ஒரு நாற்காலியும் ஒரு குறிப்பேடும் வைக்க நிலமுடையோர் முன்வருவாராக.