லேகியம் பழசு, உடம்பு புதுசு

கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் வயிறு திறக்காவிட்டால், அன்றைக்குக் கொங்கு நாட்டில் பழி முழுக்கப் பெண்ணுக்குத்தான். விரதமும் வேண்டுதலும் அவளுக்கு, இரண்டாம் கல்யாணப் பேச்சு அவனுக்கு. அவனிடமும் குறை இருக்கலாம் என்று யாரும் நினைத்ததில்லை. இன்று திருப்பூரில் குழந்தைப்பேறு மருத்துவரிடம் போனால், ஆரம்பத்திலேயே கணவனுக்கும் விந்தணுப் பரிசோதனை எழுதிவிடுகிறார்கள். குழந்தையில்லாத தம்பதியரில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. ஒரு மில்லியில் 1.6 கோடி அணுக்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த கீழ் அளவு. ஒரு தாளில் வரும் அந்த எண், தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் சுமந்த பழியைப் பாதியாவது இறக்கி வைத்திருக்கிறது. இது பெரிய நன்மை.

ஆனால் ஆணின் உடம்பு மாறிய விதம் நன்மையாக இல்லை. அன்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆண்கள் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தார்கள், கம்மஞ்சோறும் ராகிக்களியும் கொள்ளுப் பருப்பும் தின்றார்கள். 1920களில் பனியன் தொழில் வந்தபோதுகூட மெஷினைக் கையால்தான் சுற்றினார்கள். இன்று காலை எட்டரைக்குப் பவர் டேபிளில் தைக்க உட்கார்ந்தால், ஒன்றரை ஷிப்ட் முடிந்து எழும்போது இரவு எட்டரை. பதினொரு மணி டீயோடு போண்டா, சாயங்கால டீயோடு பஃப்ஸ், வேலை விட்டதும் பரோட்டா. நாள் முழுக்க உழைத்த களைப்பு உண்டு, உடம்பு அசைந்த கணக்கு இல்லை. ஆபீஸில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஆர்டர் பார்ப்பவருக்கும் இதே கதிதான். தமிழ்நாட்டில் எடை கூடிய ஆண்கள் 2015-16இல் நூற்றுக்கு 28 பேர், 2019-21இல் 37 பேர் என்கிறது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு.

தொப்பைக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அதிலுள்ள அரோமட்டேஸ் என்ற நொதி, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. அதைக் கண்ட மூளை, விரைகளுக்கு அனுப்பும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது. விந்தணு உருவாக, விதைப்பையின் சூடு உடல் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்க வேண்டும். தொடைக் கொழுப்பும், மணிக்கணக்கில் உட்காருவதும், அயர்ன் டேபிள் நீராவியும் அந்தக் குளுமையைக் கெடுக்கின்றன.

இந்த உடம்புக்குத்தான் இன்று மூலிகை தேடுகிறோம். அமுக்கரா, பூனைக்காலி விதை, நீர்முள்ளி விதை, ஓரிதழ் தாமரை ஆகியவை நம் வைத்தியத்தில் காலங்காலமாக உள்ளவை. நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, பாலில் வேகவைத்து, காயவைத்து, இடித்துச் சலித்து, நெய்யும் கருப்பட்டியும் சேர்த்து லேகியமாகக் கிண்டிக் கொடுத்தார்கள். வெயிலில் உழைத்து ஒட்டிப்போன உடம்பைத் தேற்றுவதற்காக இருந்த பக்குவம் அது. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று ஆளைப் பார்த்து மருந்து சொன்ன மண் இது. அதே நெய்யும் இனிப்பும் நூறு கிலோ எடையும் சர்க்கரை வியாதியும் உள்ளவருக்குப் போனால், நோய்க்குத் தீனி போட்டதாகிவிடும்.

இன்று லேகியம் சாறாகி, மாத்திரைக் குப்பியில் வருகிறது. மகாராஷ்டிரத்தில் அணுக்கள் குறைவான 46 ஆண்களிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், தினம் 675 மில்லிகிராம் அமுக்கராச் சாறு 90 நாள் எடுத்தவர்களுக்கு எண்ணிக்கை நன்றாகவே கூடியது. நம்பிக்கை தரும் முடிவு, ஆனால் சிறிய ஆய்வு. பருமனும் விந்தணுவும் பற்றிய மூலிகைச் சோதனைகள் பெரும்பாலும் எலிகளோடு நிற்கின்றன. எடையைக் குறைப்பதன் பலனோ மனிதர்களிடமே தெரிந்திருக்கிறது. டென்மார்க்கில் பருமனான 56 ஆண்கள் எட்டு வாரம் உணவைக் கட்டுப்படுத்திச் சராசரியாக 16.5 கிலோ குறைத்தார்கள். அணு எண்ணிக்கை சுமார் ஒன்றரை மடங்கானது. குறைந்த எடையைக் காத்தவர்களுக்கு அது ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்தது.

அன்று லாட்ஜில் ரூம் போட்டு ஆண்மைக்கு வைத்தியம் பார்த்தவர்கள் சுவரொட்டியில் வாக்குறுதி தந்து ஆள் பிடித்தார்கள். இன்று அதே வாக்குறுதி செல்போனில் வருகிறது. ஆண்மைக்கு உத்தரவாதம் தரும் விளம்பரங்களை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஜிம்மில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும். அமுக்கரா சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது, தைராய்டு, சர்க்கரை மாத்திரைகளோடு மோதவும் செய்யும். ஆகவே பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம், எடுக்கும் மாத்திரைகளையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் மூலிகை எடுக்க வேண்டும்.

ஒரு விந்தணு உருவாகி வெளியே வரச் சுமார் மூன்று மாதம் ஆகும். அந்த மூன்று மாதத்தைத் தம்பிமார்கள் தங்கள் உடம்புக்குக் கொடுக்க வேண்டும்: போண்டாவுக்குப் பதில் அவித்த கொள்ளு, தினம் அரை மணி வேக நடை, புகையிலையும் மதுவும் இல்லாத சனிக்கிழமைச் சம்பளம். கம்பெனிகளும் டீ நேரத் தின்பண்டத்தை மாற்றலாம், மணிக்கொரு தரம் எழுந்து நடக்க விடலாம். மனைவியை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் முதல் நாளிலேயே கணவனும் தன் எடையையும் இடுப்பையும் அளந்துகொள்ளட்டும். மூலிகை அதற்கடுத்துத் துணைக்கு வரட்டும்.