கயிற்றை இழுக்கும் சுதந்திரம்

கலிபோர்னியா மாகாணத்துப் பிரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் நடத்திவந்த மோட்டார்த் தொழிற்சாலையை 1982-ஆம் ஆண்டு இழுத்து மூடியபோது, அங்கே உழைத்தவர்களைப் பற்றி நிர்வாகத்துக்கு நல்ல அபிப்பிராயம் இருக்கவில்லை. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் சகஜம். வருவோரிலும் குடித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. தீராத புகார்களோ ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. உற்பத்தி வரிசை எக்காரணம் பற்றியும் நிற்கலாகாது என்பது அங்கே வேதவாக்காக இருந்தமையால், திருகாணி சரியாகப் பொருந்தாததைக் கண்ணாரக் கண்ட தொழிலாளியும் வாய் திறவாமல் அடுத்த வண்டிக்குப் போய்விடுவான்.

1984-இல் ஜப்பானிய டொயோட்டா கம்பெனியார் அதே ஜெனரல் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து, அதே கட்டடத்தில், பெரும்பாலும் அதே ஆட்களையே தொழிற்சங்கத்தோடு ஏற்று, நூற்றுக்கணக்கானோரை ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கி, ‘நியூமி’ என்ற பெயரில் ஆலையைத் திறந்தார்கள். வரிசை நெடுகிலும் ஒரு கயிறு ஓடிற்று. குறை கண்டவர் யாராயினும் அதை இழுக்கலாம்; இழுத்தால் விளக்கு எரியும், சங்கீதம் ஒலிக்கும், குழுத் தலைவர் ஓடிவருவார்; அப்போதும் தீராவிட்டால் வரிசையே நின்றுவிடும். முன்பு மட்டம் போட்ட மனிதர்கள் ஒழுங்காக வரலானார்கள். வேலையை விட்டுப் போகிறவர்களும் சொற்பமாயினர். வேலை இலேசாகிவிட்டதென்று எண்ண வேண்டாம், முன்னைவிடக் கடினம்.

யோசனை கூற முன்வந்த தொழிலாளர் 1986-இல் நூற்றுக்கு 26 பேர். 1991-இல் 92 பேர். அந்த யோசனைகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நடைமுறைக்கும் வந்தன என்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஆலோசனைப் பெட்டி மாட்டாத ஆபீஸ் ஏது, அதன் சாவி யாரிடம் இருக்கிறதென்றுதான் ஒருவருக்கும் தெரிவதில்லை. தவிரவும், 1980-களின் இறுதியில் விற்பனை குன்றி உற்பத்தி வெகுவாகச் சுருங்கியபோதும் நியூமி நிர்வாகம் எவரையும் வீட்டுக்கு அனுப்பாமல், பயிற்சியிலும் சீர்திருத்த வேலைகளிலும் அமர்த்தியது. மூவர் செய்வதை இருவர் செய்யும் உபாயத்தை வெளியிட்டால் மூன்றாமவன் தானாகிவிடுவோமோ என்று அஞ்சுகிறவனிடம், மனம் விட்டுப் பேசு என்று எத்தனை பிரசங்கம் செய்தும் என்ன பிரயோஜனம்?

அதே மாகாணத்து வான் நைஸ் தொழிற்சாலையிலும் ஜெனரல் மோட்டார்ஸார் இம்முறையைப் புகுத்திப் பார்த்தார்கள். ஆனால், எத்தனை வண்டி வெளியேறிற்று என்ற கணக்கைக் கொண்டே தங்கள் யோக்கியதை அளக்கப்பட்டுவந்த அதிகாரிகளுக்கு, சாமானியத் தொழிலாளி ஒருவன் வரிசையை நிறுத்துவது சகிக்கக்கூடியதாயில்லை. நியூமியின் முறை அங்கே வேரூன்றவில்லை. 1992-இல் அந்தத் தொழிற்சாலையும் மூடப்பட்டது.