ராக்கெட்டின் பாதையில் ஒரு தீவு

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பியதும் நாம் கைதட்டுகிறோம். உண்மையான கவலை அதன் பிறகே தொடங்குகிறது. 2023 ஜூலை 14 அன்று புறப்பட்ட சந்திரயான்-3, ஏறத்தாழ 16 நிமிடங்களில்தான் புவிவட்டப் பாதையை அடைந்தது. அதுவரை அதைக் கண்காணிக்க உதவும் ரேடியோ அலை நேர்கோட்டில் செல்லும், பூமியோ வளைந்தது. 170 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஒரு பொருள், சுமார் 1,500 கிலோமீட்டர் தாண்டியதும் தொடுவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். அங்கிருந்து அதன் நாடித்துடிப்பைக் கேட்க கிழக்கே இன்னொரு காது வேண்டும். அந்தமானின் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இஸ்ரோ வைத்திருக்கும் தரைநிலையத்தின் மதிப்பு இதுதான். கிழக்கு நோக்கி ஏவும்போது, ஏவுதளத்துக்கு அடுத்து நம் மண்ணில் இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

தகவலைக் கடத்தும் செயற்கைக்கோள்கள் வந்தால் தரைநிலையம் எதற்கு என்று கேட்கலாம். மனிதரைச் சுமந்து செல்லும் ககன்யானுக்கு ஒரே வழியை நம்புவது சரியல்ல, இரண்டும் வேண்டும். விண்வெளித் திட்டத்தால் தீவு மக்களுக்கு என்ன லாபம் என்ற கேள்வி இன்னும் நியாயமானது. 2004 சுனாமியில் நிக்கோபார் சிதைந்தபோது எச்சரிக்க எந்த ஏற்பாடும் இல்லை. இன்று வங்கக் கடலில் மிதக்கும் கருவிகள் ஆழ்கடல் அழுத்த மாற்றத்தைச் செயற்கைக்கோள் வழியாகவே ஹைதராபாத் சுனாமி எச்சரிக்கை மையத்துக்கு அனுப்புகின்றன. விண்வெளித் திட்டம் இத்தீவுகளுக்கு வெளியூர்ச் சங்கதி அல்ல. அந்தமான் பள்ளிப் பிள்ளைகள் அந்தத் தரைநிலையத்தை நேரில் பார்த்துக் கற்க இஸ்ரோ வழி செய்ய வேண்டும்.