600 டாலர் வழக்கும் 88 பக்க வாதமும்

600 டாலர். முதிய பெற்றோரைக் கவனிக்க ஆள் வைத்தவருக்கு 1968ஆம் ஆண்டு அமெரிக்க வருமான வரிச் சட்டம் தந்த கழிவின் உச்ச அளவு அது. பெண்களுக்கு உண்டு, மனைவியை இழந்த ஆணுக்கும் உண்டு. கல்யாணமே ஆகாத ஆணுக்குக் கிடையாது. 89 வயதுத் தாயை வைத்துப் பராமரித்த டென்வர்வாசி சார்லஸ் மோரிட்ஸுக்கு வரித்துறை கைவிரித்தது. வக்கீல் இல்லாமல் தானே வாதாடித் தோற்றார்.

இவ்வளவு சிறிய தொகைக்கு எந்த வக்கீல் வருவார்? வரிச் சட்ட நிபுணரான மார்ட்டின் கின்ஸ்பர்க் தீர்ப்பைப் படித்துவிட்டு மனைவி ரூத் பேடர் கின்ஸ்பர்க்கிடம் நீட்டினார். இருவரும் சேர்ந்து மேல்முறையீட்டுக்கான எழுத்து வாதத்தைத் தயாரித்தார்கள்.

அதே உழைப்பு இன்னொரு கணக்கிலும் வரவானது. ஐடஹோ மாநிலத்தில் இறந்துபோன மகனின் சொத்தை நிர்வகிக்கத் தாய் சாலி ரீடும் அவரைப் பிரிந்திருந்த கணவரும் தனித்தனியே மனு போட்டார்கள். சமத் தகுதி இருந்தால் ஆணுக்கே முன்னுரிமை என்றது மாநிலச் சட்டம். சொத்தின் மதிப்பு 1,000 டாலருக்கும் குறைவு. அதற்காக உச்ச நீதிமன்றத்தில் தாக்கலான எழுத்து வாதம் 88 பக்கம். மோரிட்ஸுக்காக எழுதியதுதான் அதற்கு அடித்தளம். அட்டையில் டோரதி கென்யன், பாலி மரே ஆகிய இரண்டு முன்னோடிப் பெண் வக்கீல்களின் பெயர்களையும் ரூத் சேர்த்தார். அவர்கள் அந்த உரையை எழுதியவர்கள் அல்லர், ஆனால் அதற்கு முன் பட்ட பாடு அவர்களுடையது. 1971 நவம்பர் 22 அன்று சாலிக்குச் சாதகமாக 7-0 என்று தீர்ப்பு வந்தது. நேரில் வாதாடியவர் வேறொரு வக்கீல்.

மோரிட்ஸ் மேல்முறையீட்டில் வென்றது சரியாக ஓராண்டு கழித்து, 1972 நவம்பர் 22 அன்று. அரசு அத்தோடு விடவில்லை, உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இந்தத் தீர்ப்பு நின்றால் என்னென்ன சட்டங்கள் ஆட்டம் காணும் என்று காட்ட, ஆண் பெண் பேதம் பார்க்கும் நூற்றுக்கணக்கான கூட்டாட்சிச் சட்டப் பிரிவுகளைக் கணினியில் தொகுத்து மனுவோடு இணைத்தது. உச்ச நீதிமன்றம் மனுவை ஏற்கவில்லை. அடுத்து எந்தச் சட்டத்தைத் தொட வேண்டும் என்ற பட்டியலை எதிர்த்தரப்பே இலவசமாகத் தந்துவிட்டது. இந்தப் பேரேட்டில் இதைவிடக் கொழுத்த வரவு இல்லை என்பேன்.

நம் சினிமா வக்கீல் மேசையைத் தட்டி ஜெயிப்பார். ரூத் உச்ச நீதிமன்றத்தில் நேரில் வாதாடியது 6 முறை, தோல்வி 1. 1973இல் முதல் முறை அவருக்குக் கிடைத்தது சுமார் 10 நிமிடம். நீதிபதிகள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்த வழக்கில் தீர்ப்பு 8-1. தோற்றது 1974இல், ஃபுளோரிடாவில் கைம்பெண்களுக்கு மட்டும் இருந்த 500 டாலர் சொத்து வரி விலக்கைப் பற்றிய வழக்கில். 6 முறைக்கும் சேர்த்து அவர் பேசிய நேரம் 3 மணிக்குள் அடங்கும். மற்றதெல்லாம் மேசையில் கழிந்த நேரம்.

இன்று இதே வேலைக்கு உள்ள அளவுகளையும் பார்த்துவிடலாம். உச்ச நீதிமன்றத்தில் பதிவுக் கட்டணம் 300 டாலர். எழுத்து வாதம் 40 பிரதி, 12 புள்ளி எழுத்து, அகலம் ஆறே கால் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. மேல்முறையீடு செய்பவரின் உரைக்கு அட்டை வெளிர்நீலம், எதிர்த்தரப்புக்கு வெளிர்சிவப்பு, பதிலுரைக்கு மஞ்சள். வழக்கு விசாரணைக்கு ஏற்கப்பட்டால் மேல்முறையீடு செய்பவர் எழுதி முடிக்க 45 நாள். பேச, ஒரு தரப்புக்கு 30 நிமிடம்.

சொல் வரம்பு 15,000 ஆக இருந்தது. 2019இல் 13,000 ஆகக் குறைத்தார்கள். அந்தச் சிறு புத்தக அளவில் அது 50 பக்கத்தை ஒட்டி வரும். குறைத்த நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளில் ரூத் பேடர் கின்ஸ்பர்க்கும் ஒருவர்.