எல்லை காந்தி – 14: கேட்கப்படாத மூன்றாவது கேள்வி

1947 ஜூலை 6. வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தில் வாக்கெடுப்பு தொடங்கியது. ஹசாரா, மர்தான், பெஷாவர், கோஹாட், பன்னு, தேரா இஸ்மாயில் கான் ஆகிய ஆறு மாவட்டங்களிலும் கேள்வி ஒன்றுதான்: இந்தியாவா, பாகிஸ்தானா? ஓட்டுரிமை உள்ளவர்கள் 5,72,798 பேர். மாகாணத்து ஜனத்தொகையில் அது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பழங்குடிப் பகுதிகளையும் ஸ்வாத், திர், சித்ரால் சமஸ்தானங்களையும் யாரும் கேட்கவே இல்லை. ஜூலை 17 வரை ஓட்டுப்பதிவு நடந்தது.

குதாய் கித்மத்கார்கள், அதாவது நம் செஞ்சட்டைக்காரர்கள், அத்தனை நாளும் வாக்குச்சாவடிப் பக்கம் தலைவைக்கவில்லை. போக வேண்டாம் என்று சொன்னவர் அவர்களுடைய தலைவர், எல்லை காந்தி என்கிற பாட்ஷா கான். இருபது வருஷமாக ஊர் ஊராக நடந்து, ‘வெளியே வாருங்கள், வாய் திறந்து பேசுங்கள்’ என்று பட்டாணியர்களை எழுப்பிக்கொண்டிருந்த மனிதர், அவர்களுடைய தலைவிதியைத் தீர்மானிக்கும் நாளில் வீட்டிலேயே இருக்கச் சொன்னார். ஏன் என்பதுதான் இந்த வாரக் கதை. கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1942 போராட்டத்தில் மர்தான் பக்கம் விழுந்த தடியடியில் அவருடைய விலா எலும்புகள் முறிந்ததையும், 1945 வரை சிறையில் கிடந்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். அவர் வெளியே வந்த மறு வருஷமே மாகாணத் தேர்தல். நாடு முழுக்க முஸ்லிம் தொகுதிகளை ஜின்னாவின் லீக் அள்ளிக்கொண்டு போன தேர்தல் அது. எல்லைப்புறத்தில் மட்டும் கணக்கு வேறாக இருந்தது. மொத்தம் 50 இடங்களில் காங்கிரஸுக்கு 30, லீகுக்கு 17. முஸ்லிம்களுக்கு ஒதுக்கிய இடங்களிலும் லீகைவிடக் காங்கிரஸ் கூடுதலாகவே ஜெயித்தது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முஸ்லிம்களாக இருந்த மாகாணத்தில் இது நடந்தது. பாட்ஷா கானின் அண்ணன் டாக்டர் கான் சாகிப் மறுபடியும் முதலமைச்சர் ஆனார். அரசியல் நிர்ணய சபைக்கு அந்த மாகாணத்தின் பங்கு மூன்று இடங்கள். அவற்றில் இரண்டில் காங்கிரஸ்காரர்கள் உட்கார்ந்தார்கள்: ஒருவர் பாட்ஷா கான், மற்றவர் மௌலானா ஆசாத். ஆசாத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பதினெட்டே மாதத்தில் இத்தனையும் கை நழுவிப் போனது. காரணமாக ஒரே ஒரு ஆளைக் காட்டுவது எளிது. காங்கிரஸ்காரர்கள் கவர்னர் ஒலாஃப் கரோவைக் காட்டினார்கள். அவர் லீகுக்குச் சாதகமாக நடக்கிறார் என்பது அவர்களுடைய புகார். அதில் உண்மை இல்லாமல் இல்லை, ஆனால் அது மட்டும் போதாது. கல்கத்தா, நவகாளி, பீகார் என்று கலவரம் ஊர் தாண்டி ஊர் போன வருஷம் அது. பீகாரில் முஸ்லிம்கள் வெட்டப்பட்ட செய்தி பெஷாவர் கடைத்தெருவை எட்டியபோது, செஞ்சட்டைக்காரர்களிடம் பதில் இருக்கவில்லை. நேரு 1946 அக்டோபரில் எல்லைப்புறம் போனார். இப்போது போக வேண்டாம் என்று தடுத்தவர்கள் பலர். அவர் கேட்கவில்லை. பெஷாவரில் கறுப்புக் கொடி, மலாக்கண்டில் கல்வீச்சு. கூடவே போன கான் சகோதரர்களும் காயத்தோடு திரும்பினார்கள். அடுத்த வருஷம் பிப்ரவரியில் லீக் சட்டமறுப்பே தொடங்கிவிட்டது. ஹசாராவில் மதம் மாற்றப்பட்ட ஒரு சீக்கியப் பெண்ணை டாக்டர் கான் சாகிப் தம் பாதுகாப்பில் வைத்திருந்து, அவள் விருப்பத்தைக் கேட்டு உறவினர்களிடம் அனுப்பிவைத்தார். எந்த முதலமைச்சரும் செய்ய வேண்டிய காரியம். அதையே லீக் ஆயுதமாக்கிக்கொண்டது. மான்கி ஷரீஃப் பீர் போன்ற மதத்தலைவர்கள் மேடையேறினார்கள். பர்தாவுக்குள் இருந்த பெண்கள் பெஷாவர் வீதிகளில் ஊர்வலம் போனார்கள். பட்டாணியப் பெண்களைப் பொதுவாழ்வுக்கு அழைத்து வந்த முதல் ஆள் பாட்ஷா கான்தான் என்பதை அன்று யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆசாத் தம் சுயசரிதையில் இன்னொரு காரணம் சொல்கிறார். கான் சகோதரர்கள் கையை இறுக்கிப் பிடிப்பவர்களாம், வீட்டுக்கு வந்தவர்களை உபசரிக்கத் தெரியாதவர்களாம். எல்லைப்புறத்திலிருந்து தம்மைப் பார்க்க வந்த சிலருக்கு ஆசாத் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தாராம். இந்த பிஸ்கட்டை டாக்டர் கான் சாகிப் வீட்டில் பார்த்திருக்கிறோம், ஆனால் எங்களுக்கு அவர் கொடுத்ததில்லை என்றார்களாம் அவர்கள். விருந்தோம்பலை உயிராக நினைக்கும் மக்களிடம் இது சின்ன விஷயம் இல்லைதான். இருந்தாலும் ஒரு மாகாணம் பிஸ்கட்டால் பறிபோனது என்று எழுத ஆசாத்துக்கு மனம் வந்ததே என்று எனக்குத் தோன்றும். அதே மாகாணத்தின் சார்பாகத்தான் அவர் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வாகியிருந்தார்.

அந்தக் குளிர்காலத்தின் முடிவில், 1947 மார்ச்சில், பாட்ஷா கான் எங்கே இருந்தார்? பீகாரில், காந்தியோடு. எரிந்துபோன முஸ்லிம் கிராமங்களில் நடந்துகொண்டிருந்தார். சொந்த மாகாணம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் தலைவருக்கு ஆயிரம் மைலுக்கு அப்பால் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே போகாமல் இருந்திருந்தால் அவர் பாட்ஷா கான் ஆகியிருக்க மாட்டார்.

ஜூன் 3 அன்று மவுண்ட்பேட்டன் திட்டம் வெளிவந்தது. பஞ்சாபிலும் வங்காளத்திலும் சிந்துவிலும் சட்டசபைகளே முடிவெடுக்கும். எல்லைப்புறத்துக்கு மட்டும் வேறு நியாயம்: அங்கே சட்டசபையைக் கேட்க மாட்டார்கள், வாக்கெடுப்பு நடத்துவார்கள். பதினைந்து மாதத்துக்கு முன்னால்தான் மக்கள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்தச் சபையின் பெரும்பான்மை எந்தப் பக்கம் என்பதும் தெரியும். அதனால்தான் சபையைக் கேட்கவில்லை.

இதைக் காங்கிரஸ் ஏற்றுக்கொண்டது. பாட்ஷா கானை உடைத்தது இதுதான். லீகை அவர் எதிர்க்கட்சியாகவே பார்த்து வந்தவர். பிரிட்டிஷ்காரனிடமும் அவர் நல்லதை எதிர்பார்க்கவில்லை. காங்கிரஸ் காரியக் கமிட்டியோ அவருடைய சொந்த வீடு. கூட்டத்தில் பிரிவினைக்கு எதிராகப் பேசியவர்கள் காந்தி, பாட்ஷா கான், ஜெயப்பிரகாஷ், தாம் ஆகிய நாலே பேர்தான் என்று லோகியா பிற்பாடு எழுதினார். ஆசாத் அந்தச் சின்ன அறையின் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து சிகரெட்டுக்கு மேல் சிகரெட்டாகப் புகைத்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை என்பதும் லோகியா சொன்னதுதான். வாக்கெடுப்பு வேண்டும் என்று நின்றவர்கள் சர்தார் படேலும் ராஜாஜியும் என்று பாட்ஷா கான் தம் நினைவுக்குறிப்புகளில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார். ராஜாஜி 1942-லேயே பாகிஸ்தான் கோரிக்கையின் அடிப்படையை ஏற்கலாம் என்று சொல்லி, அதற்காகக் காங்கிரஸிலிருந்து விலகி நின்றவர். அவரைப் பொறுத்தவரை இது புதிய நிலை இல்லை. படேலின் கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது: பிரச்சினை சீக்கிரம் முடிய வேண்டும். இரண்டு பேருடைய தர்க்கமும் சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ பார்த்தால் புரியக்கூடியதுதான். பாட்ஷா கானின் ஊரான உத்மன்ஸாயிலிருந்து பார்த்தால் அது கைகழுவல். எங்களை ஓநாய்களிடம் எறிந்துவிட்டீர்கள் என்று அவர் அப்போது சொன்னது எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது.

சரி, வாக்கெடுப்பு நடக்கட்டும், ஆனால் கேள்வியை மாற்றுங்கள் என்றார் பாட்ஷா கான். இந்தியாவா, பாகிஸ்தானா என்று கேட்டால் பட்டாணியன் காதில் அது இந்துவா, முஸ்லிமா என்றுதான் விழும். நடுவே பஞ்சாப் பாகிஸ்தானுக்குப் போன பிறகு, எல்லைப்புறம் எந்தத் தரைவழியில் இந்தியாவோடு ஒட்டிக்கொள்ளும்? ஆகவே பக்தூனிஸ்தான் என்ற தனி நாடு என்கிற மூன்றாவது வழியும் கேள்வியில் இருக்க வேண்டும். ஜூன் 21 அன்று பன்னுவில் கூடி, குதாய் கித்மத்கார்களும் மாகாணக் காங்கிரஸும் இதைத் தீர்மானமாகவே போட்டார்கள். கூட்டத்தில் ‘ஸல்மே பக்தூன்’ என்ற இளைஞர் அமைப்பும் இருந்தது. அதைத் தொடங்கியவர் பாட்ஷா கானின் மகன், கவிஞர் கனி கான். ஆயுதம் ஏந்திய அமைப்பு அது. அடி வாங்கியும் கை ஓங்காத செஞ்சட்டைக்காரர்களைக் காப்பாற்றத்தான் துப்பாக்கி எடுத்தோம் என்பது மகனின் வாதம். அப்பா அதை ஏற்கவில்லை.

மூன்றாவது வழி கிடைக்கவில்லை. கிடைக்காததற்கான காரணத்தை நம் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை. மே மாதம் சிம்லாவில் மவுண்ட்பேட்டன் தம் முதல் வரைவை நேருவிடம் ரகசியமாகக் காட்டினார். மாகாணங்கள் விரும்பினால் தனித்து நிற்கலாம் என்ற வழி அதில் இருந்தது. ராத்திரி அதைப் படித்த நேரு கொதித்துப்போனார். இந்தியா துண்டு துண்டாகச் சிதறிவிடும் என்று எழுதிக் கொடுத்தார். வி.பி. மேனன் அவசர அவசரமாக வேறு வரைவு தயாரித்தார். தனித்து நிற்கும் வழி அதில் இல்லை. ஒரு மாதம் கழித்து அதே காங்கிரஸ் எல்லைப்புறத்துக்கு மட்டும் அந்த வழி வேண்டும் என்று கேட்டபோது, அதை எடுக்கச் சொன்னது நேருதானே என்று மவுண்ட்பேட்டன் திருப்பிக் கேட்டார். பதில் சொல்ல வழியில்லை. வங்காளம் தனி நாடாகிவிடக் கூடாது என்று அடைத்த கதவு, பட்டாணியர்களின் முகத்தில் அடைபட்டது. நேரு தவறு செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கதவு திறந்திருந்தால் எத்தனை சமஸ்தானங்களும் மாகாணங்களும் கிளம்பியிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது யார் என்பதையாவது சொல்லியிருக்கலாம்.

கேள்வியை மாற்ற முடியாவிட்டால் பதில் சொல்வதில்லை. பாட்ஷா கான் எடுத்த முடிவு அதுதான். காந்தியும் அதை ஆதரித்தார். பட்டாணியனும் பட்டாணியனும் வாக்குச்சாவடி வாசலில் வெட்டிக்கொள்வார்கள் என்ற பயம் இதில் பாதி. பழிக்குப் பழி தலைமுறை தலைமுறையாகத் தொடரும் ஊரில் வளர்ந்தவருக்கு அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. காங்கிரஸ் வற்புறுத்தலில் கரோ மாற்றப்பட்டு, ஜெனரல் ராப் லாக்ஹார்ட் தற்காலிக கவர்னராக வந்திருந்தார். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் மேற்பார்வையில் ஓட்டுப்பதிவு நடந்தது.

முடிவு: பாகிஸ்தானுக்கு 2,89,244. இந்தியாவுக்கு 2,874.

இந்த எண்களை இரண்டு தரப்பும் இன்றுவரை தத்தமக்கு ஏற்றபடி படிக்கின்றன. ஓட்டுப் போட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் பாகிஸ்தான் என்றார்களே என்பது ஒரு வாசிப்பு. மொத்த வாக்காளர்களில் பாதியைத் தாண்டியது மூவாயிரத்துக்கும் குறைவான ஓட்டில்தானே என்பது இன்னொன்று. கள்ள ஓட்டு விழுந்தது என்று பாட்ஷா கானும் குற்றம் சாட்டினார். ஆனால் வராதவர்கள் எல்லோரும் அவருக்காகத்தான் வராமல் இருந்தார்கள் என்று யாரால் நிரூபிக்க முடியும்? எந்தத் தேர்தலிலும் வயலில் வேலை என்று வராதவர் உண்டு, நோயாளி உண்டு, எவன் வந்தால் என்ன என்பவர் உண்டு. உப்புக் காய்ச்சும்போதும் கள்ளுக்கடை மறியலிலும் ஒத்துழையாமை கண்ணுக்குத் தெரியும். போலீஸ் எண்ணும், பத்திரிகை எழுதும். வாக்குச்சாவடிக்குப் போகாமல் இருப்பது எந்தக் கணக்கிலும் ஏறாது. அகிம்சைப் போராளி தன் வாழ்நாளில் எடுத்த ஆயுதங்களிலேயே மொண்ணையானது இதுதான் என்று நினைக்கிறேன். வேறு எதை எடுத்திருக்க முடியும் என்றால், எனக்கும் பதில் இல்லை.

ஆகஸ்ட் 14 வந்தது, போனது. டாக்டர் கான் சாகிப்புக்குச் சட்டசபையில் பெரும்பான்மை அப்படியே இருந்தது. ஆகஸ்ட் 22 அன்று ஜின்னாவின் உத்தரவுப்படி கவர்னர் கன்னிங்ஹாம் அந்த மந்திரிசபையைக் கலைத்தார். நம்பிக்கை வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. புதிய நாட்டின் வயது அப்போது எட்டே நாள். செப்டம்பர் தொடக்கத்தில் சர்தர்யாப் மையத்தில் செஞ்சட்டைக்காரர்கள் கூடி, பாகிஸ்தானே எங்கள் நாடு, அதற்கு ஊறு விளைவிக்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டார்கள். 1948 பிப்ரவரியில் பாட்ஷா கான் கராச்சிக்குப் போய், பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையில் விசுவாசப் பிரமாணமே எடுத்துக்கொண்டார். அதே வருஷம் ஜூன் மாதம் அவரைக் கைதுசெய்தார்கள்.

கைதுசெய்தது அப்துல் கய்யூம் கானின் மாகாண அரசு. டாக்டர் கான் சாகிப்பை இறக்கிவிட்டு நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டவர் அவர்தான். 1945 வரை காங்கிரஸில் இருந்தவர், கான் சகோதரர்களின் நெருங்கிய சகா. அந்த வருஷம் பட்டாணியர்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதி, அதில் பாட்ஷா கானை வானளாவப் புகழ்ந்திருந்தார். முதலமைச்சர் ஆனதும் அந்தப் புத்தகத்துக்கு அவரே தடை போட்டார்.

(தொடரும்)