ஆசிரியரும் மாணவரே!



பள்ளி மணி அடித்துப் பிள்ளைகள் வீடு திரும்பிய பின்னரும், சில நாள்களில் ஆசிரியர்கள் ஓர் அறையில் கூடியிருப்பதைத் தாங்கள் கண்டிருக்கலாம். ஒருவர் பாடம் நடத்தும்போது வேறு இரண்டு ஆசிரியர்கள் வகுப்பில் அமர்ந்திருந்ததைப் பிள்ளைகளும் வீட்டில் சொல்லியிருப்பர். “ஒருவர் படித்துக் கொடுக்க, மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பது எதற்கு?” என்று ஒரு தாயார் எங்களிடம் நேரிலேயே கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

போ தேயிலைத் தோட்டம் 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. நம் பாட்டிமார் கைகளால் கொழுந்து பறித்த காலத்தில், புதிதாக வந்தவரைப் பழகியவரின் பக்கத்து நிரையில் நிறுத்துவார்கள். எது கொழுந்து, எது முற்றல் என்பதை அவர் பார்த்துப் பழகினார். தவறினால் பக்கத்தில் இருந்தவர் திருத்தினார். ஆசிரியர் தொழிலிலோ நிலைமை வேறு. வகுப்பறைக் கதவு சாத்தப்பட்டால் உள்ளே ஆசிரியர் ஒருவர்தான். இருபது ஆண்டுகள் பணியாற்றியும் சக ஆசிரியர் பாடம் நடத்துவதை ஒரு முறைகூடப் பார்க்காதவர்கள் உண்டு. அவரவர் கண்ட நல்ல வழி அவரவரோடு நின்றுவிடும். அவரவர் செய்யும் பிழையும் அப்படியே.

இக்குறையைப் போக்க எழுந்ததே ஆசிரியர் கற்றல் குழு. சப்பானிய நாட்டில் ‘பாட ஆய்வு’ என்னும் வழக்கம் மெய்ஜி மன்னர் காலத்திலேயே வேரூன்றியது. ஆசிரியர் சிலர் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவர், ஒருவர் நடத்துவார், மற்றவர் மாணவரைக் கவனிப்பர், பின்னர் கூடிப் பேசித் திருத்துவர். 1998இல் அமெரிக்கக் கல்வியாளர்கள் ரிச்சர்ட் டூஃபோர், ராபர்ட் ஈக்கர் ஆகியோர் எழுதிய நூல், பள்ளி முழுவதுமே இவ்வாறு கற்கும் குழுக்களாக இயங்க வேண்டும் என்னும் கருத்தைப் பரப்பிற்று. நம் மலேசியக் கல்வி அமைச்சு 2011 முதல் இம்முறையைப் பள்ளிகளில் புகுத்தியது. ‘பி.எல்.சி.’ என்று ஆசிரியர்கள் பேசிக்கொள்வது இதைத்தான். 2013 முதல் 2025 வரைக்கான தேசியக் கல்விப் பெருந்திட்டமும், ஆசிரியர்கள் தங்களுக்குள் ஒருவரையொருவர் உயர்த்திக்கொள்ளும் பண்பாடு வளர வேண்டும் என்றே வலியுறுத்தியது.

இதனால் பிள்ளைக்கு என்ன பயன்? எங்கள் அனுபவம் ஒன்றைக் கூறுகிறோம்.

இரண்டாம் ஆண்டு மாணவர் பலர் 52இலிருந்து 27ஐக் கழித்து, 35 என்று எழுதினர். சரியான விடை 25. ‘கவனக்குறைவு’ என்று முதலில் எண்ணி, மேலும் பத்துக் கணக்குகள் கொடுத்தோம். பத்தும் தவறாயின. பின்னர் குழுவாக அமர்ந்து விடைத்தாள்களைப் பரப்பிவைத்துப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. 2இலிருந்து 7 போகாது என்பதால், பிள்ளைகள் தலைகீழாக 7இலிருந்து 2ஐக் கழித்திருந்தனர். எல்லாரும் ஒரே மாதிரி தவறியிருந்தனர். ஆகவே அது கவனக்குறைவன்று. அவர்கள் தாமே வகுத்துக்கொண்ட ஒரு விதி!

அடுத்த வாரம் ஓர் ஆசிரியை அப்பாடத்தை மீண்டும் நடத்தினார். நாங்கள் இருவர் மாணவர் பக்கத்தில் அமர்ந்தோம். “பத்தாம் இடத்திலிருந்து கடன் வாங்கு” என்று அவர் சொன்னதும், ஒரு சிறுவன் அருகிலிருந்தவனிடம், “கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே, எப்போது கொடுப்பது?” என்று மெல்லக் கேட்டான். கரும்பலகையருகே நின்ற ஆசிரியைக்கு அது கேட்கவில்லை, எங்களுக்குக் கேட்டது. மளிகைக் கடைக் கணக்கை அறிந்த பிள்ளைக்குக் ‘கடன்’ என்ற சொல்லே தடையாக இருந்திருக்கிறது!

அன்று மாலையே பாடத்தை மாற்றி அமைத்தோம். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கொடுத்து, “ஒரு கட்டை அவிழ்த்து ஒன்றுகளோடு சேர்” என்று சொல்லிப் பார்த்தோம். ஐந்து கட்டும் இரண்டு குச்சியும், நான்கு கட்டும் பன்னிரண்டு குச்சியும் ஆயின. பன்னிரண்டிலிருந்து ஏழு போக ஐந்து. நான்கு கட்டிலிருந்து இரண்டு போக இரண்டு. பிள்ளைகள் தாமே 25 என்றனர். சும்மா உட்கார்ந்திருந்ததாகத் தோன்றிய ஆசிரியர்களின் வேலை இதுதான்.

இக்குழுவை நடத்துபவர் தலைமையாசிரியரோ மேலதிகாரியோ அல்லர், எங்களுள் ஒருவரே. அவர் எல்லாம் அறிந்தவராக இருக்க வேண்டியதில்லை. எந்தப் பிள்ளை எதில் தடுமாறுகிறது, நாம் எதை மாற்றலாம், மாற்றியதால் பயன் விளைந்ததா என்னும் கேள்விகளை விடாமல் கேட்பதே அவர் கடமை. பேச்சு ஆசிரியரின் குறையை விட்டு, பிள்ளையின் கற்றலைப் பற்றியதாக இருக்குமாறு அவர் காக்க வேண்டும். ‘எனக்கு இது விளங்கவில்லை’ என்று சக ஆசிரியர் முன் சொல்வது எளிதன்று. அதற்குத் துணிவும் வேண்டும்; கேட்பவரிடம் பண்பும் வேண்டும். கையொப்பமிட்டுப் படம் எடுத்துக் கோப்பில் வைப்பதோடு கூட்டம் முடிந்துவிட்டால், பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை என்பதையும் நாங்கள் மறக்கவில்லை.

மலைநாட்டுத் தோட்டப் பள்ளிகளுக்கு இம்முறை மிகவும் இன்றியமையாதது. 150 பேர் அல்லது அதற்கும் குறைவான மாணவர் பயிலும் பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்பர். அத்தகைய பள்ளியில் ஒரு பாடத்துக்கு ஓர் ஆசிரியர் மட்டுமே இருக்கக்கூடும். ஆகவே, தமிழும் கணிதமும் அறிவியலும் கற்பிப்போர் ஒன்றாக அமர்கின்றனர். பக்கத்துத் தோட்டப் பள்ளியோடும் கூடலாம். மேலும், ஆசிரியர் மாற்றலாகி மலையிறங்கும்போது, பல ஆண்டுகளாக நம் பிள்ளைகளைப் பற்றி அறிந்தது அனைத்தும் அவரோடு இறங்கிவிடக் கூடாது. குழுவில் பேசிப் பகிர்ந்தது பள்ளியிலேயே தங்கும். புதிதாக வருபவர் தொடக்கத்திலிருந்து தடுமாற வேண்டியதில்லை.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. வகுப்பிலேயே ஆசிரியர் மதிப்பிட்டு, 1 முதல் 6 வரை அடைவுநிலை வழங்குகிறார். ஒருவர் 3 என்பதை மற்றவர் 5 என்றால் பெற்றோர் எதை நம்புவர்? மாணவர் படைப்புகளை ஒன்றாகப் பார்த்து, ஒரே அளவுகோலைப் பின்பற்றவும் இக்குழு உதவுகிறது.

பெற்றோர்களே, வீட்டுப்பாடத்தில் பிள்ளை எங்கே தயங்குகிறது என்பதை எங்களுக்குச் சொல்லுங்கள். எழுதத் தெரியாவிட்டாலும் வாயால் சொன்னால் போதும். அடுத்த கூட்டத்தில் அதுவே எங்கள் பாடமாகும். மாணவர்களே, தவறாக எழுதிய விடையை அழித்து மறைக்காதீர்கள். அதிலிருந்துதான் உங்கள் ஆசிரியர்களாகிய நாங்கள் கற்றுக்கொள்கிறோம்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். நம் பள்ளி என்னும் தேரின் வடத்தில் உங்கள் கையும் இருக்கட்டும்!